தெரிந்த வைஃபையில் கணினி தானாகவே இணைய: வரிசைப்படி செய்ய வேண்டியவை

வீடு, அலுவலகம், கைப்பேசி ஹாட்ஸ்பாட் என நாள்தோறும் மூன்று நான்கு வைஃபைகளுக்கு இடையே நகரும் மடிக்கணினி, மூடியைத் திறந்தவுடன் சரியான இணைப்பில் தானாக அமர வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம். புதிதாகக் கணினி பழகுவோர் பலருக்கு அருகில் அமர்ந்து இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "தானாக இணை" என்ற கட்டத்தில் டிக் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த டிக் நடுவில் வரும் ஒரு படி மட்டுமே. அதற்கு முன் ரவுட்டரையும் பழைய பட்டியலையும் ஒழுங்கு செய்யாமலும், அதற்குப் பின் எந்த இணைப்புக்கு முதலிடம் என்று கணினிக்குச் சொல்லாமலும் விட்டால், கணினி தானாக இணையத்தான் செய்யும். ஆனால் நாம் விரும்பாத ஒன்றில் இணையும்.

கீழுள்ள படிகள் விண்டோஸ் 11 கணினிக்கானவை. லினக்ஸ் பயன்படுத்துவோர் முதல் ஐந்து பகுதிகளின் காரணங்களைப் படித்துக்கொண்டு, அவர்களுக்கென்று எழுதியுள்ள ஒன்பதாம் பகுதிக்குச் செல்லலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கிறது என்று நம்பி உட்கார வேண்டாம். பழைய பதிவை நீக்கிய பிறகு கடவுச்சொல் மறந்துபோனதை உணர்ந்து, அண்ணன் வேலையிலிருந்து திரும்பும் வரை இணையமில்லாமல் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில், செட்டிங்ஸில் உள்ள வைஃபையின் விவரப் பக்கத்தில் "வியூ வைஃபை செக்யூரிட்டி கீ" என்ற வசதி உள்ளது. சேமித்துவைத்த கடவுச்சொல்லை அங்கே பார்த்து எழுதிக்கொள்ள முடியும்.

பெயரை எழுதும்போது ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும், சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் உள்ளபடியே எழுத வேண்டும். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு பெயர்கள், ஓர் எழுத்து பெரிதாக இருந்தாலே கணினிக்கு வெவ்வேறு வைஃபைகள். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 8 எழுத்துகளும், கூடினால் 63 எழுத்துகளும் இருக்க வேண்டும். எனவே தாளில் ஆறு எழுத்துக் கடவுச்சொல் இருந்தால் அது பெரும்பாலும் தவறாகக் குறித்துக்கொண்டதாகவே இருக்கும்.

ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தில் நுழைவதற்கான கடவுச்சொல்லும் தேவை. வைஃபை கடவுச்சொல்லும் இதுவும் ஒன்றல்ல. பல பெட்டிகளின் அடியில் ஒட்டியுள்ள தாளில் இரண்டுமே அச்சிடப்பட்டிருக்கும். இணைப்பு கொடுக்க வந்த ஊழியர் அதை மாற்றிவிட்டுப் போயிருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. கணினி எதைத் "தெரிந்தது" என்று கருதுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்வரும் படிகளின் வரிசைக்குக் காரணம் விளங்கும். நாம் ஒரு வைஃபையில் முதல்முறை இணையும்போது, கணினி அதன் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பதிவாக வைத்துக்கொள்கிறது. ரவுட்டர் எந்த நிறுவனம் செய்தது, எந்த அறையில் இருக்கிறது என்பதைப் பற்றிக் கணினிக்குக் கவலையில்லை. மூன்றும் பொருந்தினால் அது தெரிந்த வைஃபை.

இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. பழைய ரவுட்டர் பழுதாகிப் புதியது வாங்கினால், பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் புதிய பெட்டியில் அப்படியே அமைத்துவிடலாம். கணினி, கைப்பேசி, அச்சுப்பொறி, தொலைக்காட்சி எதையும் தொட வேண்டியதில்லை. எல்லாம் தாமாகவே இணைந்துவிடும். இதை அறியாமல் புதிய பெயரை வைத்துவிட்டு, வீட்டிலுள்ள பத்துக் கருவிகளிலும் ஒவ்வொன்றாகக் கடவுச்சொல்லைப் பதிந்துகொண்டிருப்பவர்களே அதிகம்.

தீமையும் இதே காரணத்தால் வருகிறது. பெயர் மாறாமல் கடவுச்சொல் மட்டும் மாறினால், கணினி பழைய கடவுச்சொல்லோடு முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு முறையை மாற்றினாலும் பழைய பதிவு பொருந்தாமல் போகக்கூடும்.

3. முதலில் ரவுட்டர்

கணினியைத் தொடுவதற்கு முன் ரவுட்டரில் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றையும் இறுதி செய்துவிடுங்கள். கணினியில் எல்லாவற்றையும் அமைத்த பிறகு ரவுட்டரில் கைவைத்தால், செய்த வேலை முழுவதையும் மீண்டும் செய்ய நேரிடும்.

பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்தால் பழைய மடிக்கணினிகள் சில இணைய மறுக்கும். டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறை எளிதில் உடைக்கப்படக்கூடியது. அது இருக்கும் இடத்தில் தானியங்கி இணைப்பு வைக்கவே கூடாது.

2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைப்பது நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் வலுக்குறைந்தது. பெயர் ஒன்றாக இருந்தால் முன்னறையில் ஒன்றும் பின்கட்டில் மற்றொன்றுமாகக் கணினியே தேர்ந்துகொள்ளும். பெயர் வேறுவேறாக இருந்தால் அவை இரண்டு பதிவுகளாகி, ஆறாம் பகுதியில் வரும் முன்னுரிமைச் சிக்கல் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடும். மாடியிலும் கீழேயும் தனித்தனி ரவுட்டர் வைத்திருப்போருக்கும் இதே அறிவுரைதான்.

பெயரைத் தமிழில் வைக்க விரும்புவோர் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைஃபை பெயருக்கான எல்லை 32 பைட் (பைட் என்பது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் அளவு). ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவைப்படும். உயிர்மெய்யில் துணைக்குறியும், மெய்யில் புள்ளியும் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "தாத்தா வீடு" என்ற பெயரில் பத்துக் குறிகளும் ஓர் இடைவெளியும் இருப்பதால் 31 பைட். ஒரு பைட் மிச்சத்தில் இடம்பெற்றுவிடும். "பெரியப்பா வீடு" 40 பைட் ஆகிவிடுவதால் ரவுட்டர் ஏற்காது. பழைய அச்சுப்பொறிகளும் சில தொலைக்காட்சிகளும் தமிழ்ப் பெயரைப் புரியாத குறிகளாகக் காட்டும். பெயர் தமிழில் இருப்பதைக் காண எனக்கும் விருப்பம்தான். ஆனால் வீட்டிலுள்ள மிகப் பழைய கருவி அதைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதைக் கைவிடும்படி அழுத்தமாகச் சொல்வேன். ரவுட்டர் தன் பெயரை அறிவிக்காவிட்டால், கணினிதான் "அந்தப் பெயருள்ள ரவுட்டர் இங்கே இருக்கிறதா" என்று கேட்க வேண்டியிருக்கும். பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் அது அதே கேள்வியைக் காற்றில் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் மறைத்த பெயரை ஊரெங்கும் சொல்லிக்கொண்டு போவதற்கு ஒப்பானது இது. இணைப்பும் சற்றுத் தாமதமாகும்.

4. பழைய பட்டியலைத் துடைத்தல்

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். இதுவரை அந்தக் கணினி இணைந்த வைஃபைகள் எல்லாம் அங்கே இருக்கும். மூன்று ஆண்டுப் பழைய கணினியில் இருபது முப்பது பெயர்கள் இருப்பது இயல்பு: தங்கிய விடுதி, திருமண மண்டபம், நண்பரின் பழைய கைப்பேசி, முன்பு வேலை பார்த்த இடம்.

இனி தேவைப்படாதவை ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள "ஃபர்கெட்" பொத்தானை அழுத்துங்கள். மூன்றாம் படியில் கடவுச்சொல்லையோ பாதுகாப்பு முறையையோ மாற்றியிருந்தால், வீட்டு வைஃபையின் பழைய பதிவையும் நீக்கிவிட வேண்டும். புதிய கடவுச்சொல்லைக் கணினி தானே கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். சில நேரம் கேட்கும், சில நேரம் "இணைய முடியவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

5. இணைத்துச் சேமித்தல்

இணைக்க வேண்டிய ரவுட்டரின் அருகில் அமர்ந்துகொண்டு, திரையின் கீழ்ப்பட்டையிலுள்ள வைஃபை குறியை அழுத்திப் பட்டியலைத் திறந்து, பெயரைத் தேர்ந்தெடுங்கள். "கனெக்ட் ஆட்டோமேட்டிக்லி" என்ற கட்டத்தில் டிக் இருப்பதை உறுதி செய்த பிறகே "கனெக்ட்" பொத்தானை அழுத்த வேண்டும். அவசரத்தில் பொத்தானை முதலில் அழுத்திவிட்டால் பாதகமில்லை. மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் திறந்தால் "கனெக்ட் ஆட்டோமேட்டிக்லி வென் இன் ரேஞ்ச்" என்ற வரி இருக்கும். அங்கே டிக் போட்டுக்கொள்ளலாம்.

அதே பட்டியல் பக்கத்தின் "ஆட் நெட்வொர்க்" பொத்தான் மூலம், எதிரில் இல்லாத வைஃபையையும் முன்கூட்டியே பதியலாம். ஊருக்குச் செல்லும் முன்பே அங்குள்ள வைஃபையைப் பதிந்துவிட இது உதவும். ஆனால் புதியவர்கள் மிகுதியாகப் பிழை செய்வது இங்கேதான். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் அப்படியே சேமித்துக்கொள்ளும். ஊருக்குப் போன பிறகுதான் இணையவில்லை என்பது தெரியவரும். குறிப்பாக ஐஃபோன் ஹாட்ஸ்பாட்டின் பெயரில் இருக்கும் மேற்கோள் குறி, நம் விசைப்பலகையில் உள்ள நேரான குறியாக இல்லாமல் வளைந்த குறியாக இருக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பொருந்தாது. பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வழியிருக்கும் வரை கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

இணைந்தவுடன், அது வீட்டு வைஃபை என்றால் நெட்வொர்க் வகையைப் "பிரைவேட்" என்றும், மற்ற எல்லா இடங்களிலும் "பப்ளிக்" என்றும் வைத்துவிடுங்கள். தானாக இணையப்போகும் கணினி, பொது இடத்தில் தன் கோப்புகளை மற்றவர் பார்வைக்குத் திறந்துவைக்காமல் இருக்க இது தேவை.

6. எதற்கு முதலிடம்

தெரிந்த வைஃபைகள் இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தால் விண்டோஸ் எதைத் தேர்ந்தெடுக்கும்? சிக்னல் வலுவாக இருப்பதைத்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். விண்டோஸ் தனக்குள் ஒரு விருப்ப வரிசையை வைத்திருக்கிறது. மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் பக்கத்தில் "சார்ட் பை" என்பதைப் "பிரிஃபரன்ஸ்" என்று மாற்றினால் அந்த வரிசையைப் பார்க்கலாம்.

பார்க்கலாமே தவிர, அந்தப் பக்கத்தில் வரிசையை இழுத்து மாற்ற முடியாது. மாற்றுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வைஃபை கிடைக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு நாம் இன்னொன்றைக் கையால் தேர்ந்தெடுத்து இணைந்தால், விண்டோஸ் அந்த இரண்டாவதை முதலாவதற்கு மேலே வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டும் கிடைக்கும் இடத்தில் அமர்ந்து, முதலில் குறைந்த முன்னுரிமை உள்ளதிலும், பிறகு உயர்ந்த முன்னுரிமை உள்ளதிலும் நீங்களே இணையுங்கள். கடைசியாக இணைந்தது மேலே நிற்கும். வரிசைக்காக இந்த முழு வழிகாட்டியில் நான் வற்புறுத்தும் இடம் இதுதான்: மாற்றிச் செய்தால் விளைவும் தலைகீழாகும்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறதென்று ஒரு மாலைப்பொழுது ஹாட்ஸ்பாட்டுக்கு நீங்கள் கையால் மாறினால், நீங்கள் அறியாமலேயே வரிசையை மாற்றிவிட்டீர்கள். வேலை முடிந்ததும் வீட்டு வைஃபையைக் கையால் தேர்ந்தெடுத்து வரிசையைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். "டிஸ்கனெக்ட்" பொத்தானையும் காரணமில்லாமல் அழுத்த வேண்டாம். நாமே துண்டித்த வைஃபையில் நமக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, விண்டோஸ் அதில் தானாக இணைவதை நிறுத்திவிடும். அப்படி நின்றுபோனால் மீண்டும் டிக் போட்டு ஒருமுறை கையால் இணைத்துவிட்டால் போதும்.

7. மின்தடையும் ஹாட்ஸ்பாட்டும்

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் வீட்டில் நடந்தது இது. மாலை வகுப்புக்குக் காணொலி தயாரித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. மடிக்கணினிக்கு பேட்டரி இருந்தது, ரவுட்டருக்கு இல்லை. அவருடைய கைப்பேசியில் காலையில் போட்ட ஹாட்ஸ்பாட் அணைக்கப்படாமல் இருந்ததால், கணினி அமைதியாக அதற்குத் தாவிவிட்டது. பத்து நிமிடத்தில் மின்சாரம் திரும்பியது, ரவுட்டரும் இரண்டு நிமிடத்தில் விழித்துக்கொண்டது. ஆனால் கணினி ஹாட்ஸ்பாட்டிலேயே இருந்துகொண்டு காணொலியைப் பதிவேற்றியது. அன்றைக்கான டேட்டா முழுவதும் தீர்ந்துபோன குறுஞ்செய்தி வந்த பிறகே அவர் வைஃபை குறியை அழுத்திப் பார்த்தார். வரிசையில் வீட்டு வைஃபைதான் மேலே இருந்தது. பிறகு ஏன் திரும்பவில்லை?

ஏனென்றால் விருப்ப வரிசை, கணினி இணைப்பில்லாமல் நிற்கும் நேரத்தில்தான் பார்க்கப்படுகிறது. ஏதாவது ஒன்றில் இணைந்துவிட்டால், அதைவிட விருப்பமான ஒன்று வந்திருக்கிறதா என்று விண்டோஸ் இயல்பாகத் தேடாது. தேடச் சொல்ல ஒரு தனிக் கட்டம் இருக்கிறது. அது பழைய கன்ட்ரோல் பேனலுக்குள் ஒளிந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

முதலில் ஹாட்ஸ்பாட்டில் இணைந்துகொள்ளுங்கள். இணைந்திருக்கும்போதுதான் அந்தப் பதிவின் கட்டங்களை இவ்வழியில் திறக்க முடியும் என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பிறகு கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரைத் திறந்து, இணைந்துள்ள வைஃபையின் பெயரை அழுத்தி, "வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸ்" பொத்தானுக்குள் செல்லுங்கள். "லுக் ஃபார் அதர் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ் வைல் கனெக்டட் டு திஸ் நெட்வொர்க்" என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இதை வீட்டு வைஃபையின் பதிவில் போட்டுவிட்டு ஹாட்ஸ்பாட்டில் விட்டுவிடுவது வழக்கமான பிழை. எந்த இணைப்பிலிருந்து விலகி வர வேண்டுமோ, அந்த இணைப்பின் பதிவில் போட வேண்டும். இதை முடித்ததும் வீட்டு வைஃபையைக் கையால் தேர்ந்தெடுத்து, ஆறாம் பகுதியில் சொன்ன வரிசையை மீட்டுவிடுங்கள். இந்தப் படிக்காக ஹாட்ஸ்பாட்டில் நீங்கள் கையால் இணைந்ததால் அது மேலே வந்திருக்கும்.

கணினி தானாக ஹாட்ஸ்பாட்டில் இணைந்த வேளைகளில் மட்டுமே இந்தத் தாவல் நடக்கும். தாவும் நொடியில் காணொலிக் கூட்டம் ஒருமுறை அறுபட்டு மீளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹாட்ஸ்பாட்டின் பதிவில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதையும் இயக்கிவிடுங்கள். அப்போது பெரும்பாலான விண்டோஸ் புதுப்பிப்புகள் கைப்பேசி டேட்டாவில் இறங்காமல் வீட்டு வைஃபைக்காகக் காத்திருக்கும். தானியங்கி இணைப்பும் அளவில்லாத பதிவிறக்கமும் சேர்ந்தால்தான் டேட்டா கரைகிறது. இந்த ஒரு கட்டம் பெருமளவு காப்பாற்றும்.

கைப்பேசியின் பக்கத்திலும் இரண்டு செய்திகள் உண்டு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், எந்தக் கருவியும் இணையாமல் சிறிது நேரம் போனால் ஹாட்ஸ்பாட்டைத் தாமாக அணைத்துவிடும். தேவையென்றால் அந்த அமைப்பை மாற்றலாம், ஆனால் பேட்டரி குறையும். ஐஃபோன் 12 முதல் வந்தவற்றில், பழைய மடிக்கணினி ஹாட்ஸ்பாட்டைக் காணவில்லை என்றால் "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை இயக்குங்கள். அது ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவரும்.

8. தானாக இணையவே கூடாதவை, சற்று கவனம் தேவைப்படுபவை

கடவுச்சொல் இல்லாத பொது வைஃபைகளில் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டாம் பகுதியில் சொன்னபடி, கணினி பெயரைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது. கடவுச்சொல்லும் இல்லாத இடத்தில் பெயர் ஒன்றே போதும் என்றாகிவிடுவதால், அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு போலி வைஃபையை உருவாக்கி உங்கள் கணினியை இழுத்துக்கொள்ள முடியும். நீங்கள் எதையும் அழுத்தாமலே அது நடந்துவிடும்.

ரயில் நிலையங்களில் உள்ள ரயில்வயர் போன்ற வைஃபைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைந்த பிறகு ஒரு பக்கம் திறந்து கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் கேட்கும். அதைக் கொடுக்கும் வரை கணினி வைஃபையில் இணைந்திருக்கும், இணையம் இருக்காது. தானாக இணைய விட்டால், நல்ல ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இருந்தும் கணினி இந்த வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

கல்லூரி, பெரிய அலுவலகங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பகிரும் எடுரோம் வைஃபையை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், அதில் சேர்ந்துள்ள வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் கணினி தானாக இணையும். பயனர் பெயரை நிறுவனத்தின் முகவரியோடு சேர்த்து முழுமையாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. முதல்முறை இணையும்போது சான்றிதழை (அது உண்மையான வைஃபைதான் என்று காட்டும் மின்னணு அடையாளத்தை) ஏற்கலாமா என்று கேட்டால், நிறுவனம் தந்துள்ள விவரத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் கடவுச்சொல்லை மாற்றிய அன்றே கணினியிலும் கைப்பேசியிலும் பழைய பதிவை நீக்கிவிடுங்கள். மறந்துபோன ஒரு கருவி பழைய கடவுச்சொல்லோடு விடாமல் முயன்று, கணக்கையே பூட்டவைத்துவிடலாம்.

இங்கே யாரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்று, கணினியின் கடிகாரம். உள்ளே இருக்கும் சிறு வட்ட பேட்டரி தீர்ந்த பழைய கணினி, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது கருதுவதால் இணைய மறுக்கும். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பதிவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

"ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்" என்ற அமைப்பை, பதிவு செய்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் அலுவலக வைஃபையில் அணைத்தே வைக்க வேண்டும். கணினி தன் அடையாள எண்ணை மாற்றிக்கொண்டால் ரவுட்டர் அதை அந்நியனாகப் பார்க்கும்.

9. லினக்ஸ் கணினிகளில்

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. முன்னுரிமையை எண்ணாகவே கொடுக்க முடிவதால், இந்த ஒரு விஷயத்தில் இது விண்டோஸைவிடத் தெளிவானது. உபுண்டுவின் செயலிப் பட்டியலில் "அட்வான்ஸ்டு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்" என்பதைத் திறந்து, வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, "ஜெனரல்" பகுதிக்குச் செல்லுங்கள். "கனெக்ட் ஆட்டோமேட்டிக்லி வித் பிரையாரிட்டி" என்ற வரியில் டிக்கும் அருகில் ஓர் எண்ணும் இருக்கும். இயல்பு எண் 0. -999 முதல் 999 வரை கொடுக்கலாம். பெரிய எண்ணுக்கே முதலிடம். விண்டோஸில் பார்த்த பழக்கத்தால் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று கொடுத்துவிடுகிறார்கள். அது நேர்மாறாக வேலை செய்யும். வீட்டுக்கு 20, அலுவலகத்துக்கு 10, ஹாட்ஸ்பாட்டுக்கு -10 என இடைவெளி விட்டுக் கொடுங்கள், பின்னால் ஒன்றைச் செருக இடமிருக்கும். எண்கள் சமமாக இருந்தால் கடைசியாக இணைந்த வைஃபை முந்தும்.

அதே பகுதியில் "ஆல் யூசர்ஸ் மே கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்" என்ற கட்டத்தையும் பாருங்கள். அதில் டிக் இல்லாவிட்டாலோ, கடவுச்சொல் அந்தப் பயனருக்கு மட்டும் என்று சேமிக்கப்பட்டிருந்தாலோ, பயனர் உள்நுழையும் வரை கணினி இணையாது. தானாக உள்நுழையும்படி அமைத்த கணினியில், கடவுச்சொல் பெட்டகம் திறக்கப்படாததால் ஒவ்வொரு முறையும் ஒரு சாளரம் வந்து கேட்கும். கணினியைப் பலர் பகிரும் வீடுகளில் கடவுச்சொல்லை எல்லாப் பயனருக்கும் என்று சேமிப்பதே சரி.

நெட்வொர்க் மேனேஜர் ஒரு பதிவில் நான்கு முறை முயன்று தோற்றால், சில நிமிடங்கள் அதை ஒதுக்கிவைத்துவிடும். மின்தடைக்குப் பின் உடனே இணையவில்லை என்றால் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஒன்றில் இணைந்திருக்கும்போது, உயர்ந்த எண்ணுள்ள வேறொன்று வந்தாலும் இது தானாகத் தாவாது. கையால்தான் மாற்ற வேண்டும்.

10. சோதனை

நான்கு நிலைகளிலும் சோதித்த பிறகே அமைப்பை நம்புங்கள். முதலில் கணினியை "ரீஸ்டார்ட்" செய்யுங்கள். "ஷட்டவுன்" செய்து திறப்பது போதாது. விண்டோஸின் வேகத் தொடக்க வசதி இயங்கினால், ஷட்டவுனில் வைஃபை இயக்கி (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்) முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. அடுத்து மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மூன்றாவதாக, ஹாட்ஸ்பாட்டை இயக்கிவிட்டு ரவுட்டரின் மின்னிணைப்பை எடுங்கள். கணினி ஹாட்ஸ்பாட்டுக்கு வந்ததும் ரவுட்டரை இயக்கி, ஐந்து நிமிடத்துக்குள் வீட்டு வைஃபைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். கடைசியாக, கணினியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் வருகிறது.

11. இன்னும் இணையவில்லை என்றால்

ஈதர்நெட் கம்பி செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி வழி இணையம் இருக்கும்போது விண்டோஸ் வைஃபையில் தானாக இணையாது, அது பிழையல்ல.

பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால் தானியங்கி அமைப்பில் குறை தேடுவது வீண். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினிகள் சிலவற்றுக்கு 12, 13 ஆகிய சேனல்கள் தெரியாது. ரவுட்டர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்ட நாளில் மட்டும் வைஃபை மாயமாகும். ரவுட்டரில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக நிலைப்படுத்தினால் இது தீரும்.

உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் இணையவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் (கணினியிலுள்ள வைஃபை கருவியின்) பண்புகளைத் திறந்து, "பவர் மேனேஜ்மென்ட்" பகுதியில், மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைக்க அனுமதிக்கும் கட்டத்திலுள்ள டிக்கை எடுங்கள். சில கணினிகளில் அந்தப் பகுதியே இருக்காது. அப்போது தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய இயக்கியை நிறுவிப் பாருங்கள். எந்த வைஃபையுமே தானாக இணையவில்லை என்றால், சர்வீசஸ் சாளரத்தில் "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" என்ற சேவை இயங்குகிறதா, அதன் தொடக்க வகை "ஆட்டோமேட்டிக்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் துப்புரவு மென்பொருள்கள் சில, இந்தச் சேவையை நிறுத்திவிடுவதுண்டு.

"நெட்வொர்க் ரீசெட்" என்ற பொத்தானை எல்லாவற்றுக்கும் கடைசியாக வையுங்கள். அது அடாப்டர்களை நீக்கி மீண்டும் நிறுவுவதால், சேமித்த வைஃபைகளும் அவற்றின் வரிசையும் போய்விடும். அதை அழுத்த நேர்ந்தால், முதல் பகுதியில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.